மூன்று மணி நேரம் லேட்

கணக்குப் படித்துவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். என் வாசகர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த சிலர், "அப்படியா! கணக்குக்கும் கதைக்கும் என்ன ஸார் சம்பந்தம்?" என்று ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இரண்டிலுமே இல்லாத ஒருவரை இருப்பதாக வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறோம். கணக்கில் அவருக்கு எக்ஸ் என்று பெயர். கதையில் கோபாலன் என்றோ கல்யாணி என்றோ பெயர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் படித்த கணக்கில் இப்போது என்னிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் சங்கடம்தான். பி.எஸ்ஸி. பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது. சென்ற மாதம் அந்தச் சங்கடம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, நீங்க மேத்ஸ்தானே படிச்சீங்க?"

"ஒரு காலத்தில்."

"எக்ஸ் ஸ்கொயருக்கு வரைபடம் போட்டா கிண்ணம் மாதிரி வருது. கிண்ணத்தோட அடி பூஜ்யத்திலே இருக்கு. எக்ஸ் இருக்கிற இடத்திலே எக்ஸ் கழித்தல் 3-ன்னு போட்டா, கிண்ணம் எந்தப் பக்கம் நகரணும்? கழிச்சா இடது பக்கம்தானே போகணும்? இது வலது பக்கம் போகுது. ஏன் தாத்தா?"

"சொல்லிக் கொடுத்தவர் என்ன சொன்னார்?"

"உள்ளே இருந்தா உல்டா. மனப்பாடம் பண்ணிக்கோ, காரணம் கேட்க நேரம் இல்லேன்னார்."

நான் பேசாமல் இருந்தேன். பதில் தெரியாததால் அல்ல. அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு, இதே பதிலை வாங்கிக்கொண்டு, இதே மாதிரி விழித்துக்கொண்டு நின்ற ஒரு பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1963-ஆம் வருஷம் ஜூன் மாதம் நான் பி.யூ.சி.யில் சேர்ந்தேன். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் கணக்குப் போட்டவனை இங்கிலீஷில் கணக்குப் போடு என்றார்கள். கர்ணம் என்றால் கிராமத்துக் கணக்குப்பிள்ளை. செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கத்துக்கும் அதுவே பெயர் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். கல்லூரியில் அதே கர்ணம் 'ஹைப்பாட்டினியூஸ்' என்று கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

தெரியாததையெல்லாம் மனப்பாடம் செய்தேன். 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' என்று வகுப்பு முழுவதும் ஜபித்தோம். முதல் கால்வட்டத்தில் எல்லாம் மிகை, இரண்டாவதில் சைன் மட்டும், மூன்றாவதில் டேன்ஜென்ட், நாலாவதில் கொசைன் என்பதற்கு அது அடையாளம். எங்கள் வீட்டில் வெள்ளி டீ கப் கிடையாது, டீயே கிடையாது. நீராகாரம் குடித்துவிட்டு வந்து வெள்ளிக் கோப்பைகளை உச்சரித்தேன். சைன் 30 அரையா, கொசைன் 30 அரையா என்பது ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருந்தது. இரவு படுக்கும்போது சரியாக இருக்கும். காலையில் பல் விளக்குவதற்குள் இடம் மாறிவிடும்.

செப்டம்பர் பரீட்சையில் ஒரு வரைபடம் கேட்டிருந்தார்கள். சைன் என்னும் அலையை வைத்துக்கொண்டு 'சைன் இரண்டு எக்ஸ் கழித்தல் 60 டிகிரி' என்பதற்குப் படம் போட வேண்டும். அறுபது கழித்திருக்கிறது, உள்ளே இருந்தால் எதிர்ப்பக்கம், ஆகவே வலது பக்கம் அறுபது டிகிரி தள்ளு என்று தள்ளினேன். நூற்றுக்கு 17 வந்தது.

பேராசிரியர் விடைத்தாளைக் கொடுக்கும்போது சொன்னார்: "ராமாநுஜன் குடித்த காவிரித் தண்ணீரை நீயும் குடிக்கிறாய். காவிரி என்னப்பா பாவம் செய்தது?" வகுப்பு சிரித்தது. அந்த ராமாநுஜனே கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர்தாம். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காமல் மற்றப் பாடங்களில் தோற்றார். இதைப் பேராசிரியர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மார்க்கைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நெல் மண்டியில் கணக்கு எழுத ஒரு பையன் வேணும்னு சொல்லிண்டிருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த தவணைச் சம்பளம் கட்டுவதற்கு எந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவது என்று அம்மா பரணைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

சமையலறைக் கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அக்கா.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். 1959-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். கணக்கில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குத்தான் முதல் மார்க்கு. தலைமை ஆசிரியர் வீடு தேடி வந்து, "இந்தப் பெண்ணை மேலே படிக்க வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். இரண்டு பேரைப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. பெண்ணா பிள்ளையா என்ற கேள்வி எழுந்து, விவாதித்து, முடிவு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் கேள்வி எழவே இல்லை.

அன்று இரவு அக்கா என் புத்தகங்களைக் கேட்டாள். கல்லூரி நூலகத்திலிருந்து வாங்கி வந்த லோனியின் திரிகோணமிதி அதில் இருந்தது. ராமாநுஜன் கும்பகோணத்தில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது கரைத்துக் குடித்த அதே புத்தகம். பாத்திரம் தேய்த்து, அடுப்பு மெழுகி, அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டுப் பிறகு, அரிக்கேன் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு மூன்று இரவு படித்தாள். இங்கிலீஷ் வார்த்தை புரியாத இடத்தில் என்னை எழுப்பிக் கேட்டாள். வார்த்தைக்கு அர்த்தம் நான் சொன்னேன். கணக்குக்கு அர்த்தம் அவளே பார்த்துக்கொண்டாள்.

நாலாம் நாள் விடியற்காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இதைப் பாருடா. இது நேர்ப்புள்ளி. நாலு புள்ளி சதுரமா நிக்குது. மூலைக்கு மூலை கோடு இழுத்தா என்ன கோணம்?"

"நாற்பத்தைந்து."

"எதிர்ப்பக்கமும் பக்கத்துப் பக்கமும் சமம். அப்போ அங்கே சைனும் கொசைனும் ஒண்ணுதானே? இது இடைப்புள்ளி. எல்லாப் புள்ளிக்கும் நடுவிலே ஒரே தூரம். மூணு புள்ளியைச் சேர்த்தா மூணு பக்கமும் சமம். மூணு கோணமும் அறுபது. உச்சியிலேர்ந்து நேரே கீழே ஒரு கோடு போடு. அறுபது ரெண்டா உடைஞ்சு முப்பதாச்சு. அடிப்பக்கமும் பாதியாச்சு. முப்பதுக்கு எதிரே இருக்கிறது எது?"

"பாதிப் பக்கம்."

"கர்ணம்?"

"முழுப் பக்கம்."

"அப்போ சைன் முப்பது அரை. இனிமே அது ராத்திரியிலே இடம் மாறாது."

மாறவில்லை. இன்றுவரை மாறவில்லை.

வெள்ளி டீ கப்பை அவள் ஒரே பேச்சில் உடைத்துப் போட்டாள். "மாரியம்மன் திருவிழாவிலே தொட்டில் ராட்டினம் பார்த்திருக்கே இல்லே? நாலு தொட்டில் இருக்கும். நடு அச்சுக்கு மேலே உன் தொட்டில் எவ்வளவு உயரத்திலே இருக்கோ அதுதான் சைன். அச்சுக்கு வலது கையிலே எவ்வளவு தூரத்திலே இருக்கோ அதுதான் கொசைன். மேல்பாதியிலே இருக்கிறவரைக்கும் சைன் மிகை. வலப்பாதியிலே இருக்கிறவரைக்கும் கொசைன் மிகை. டேன்ஜென்ட் ஒண்ணை ஒண்ணாலே வகுக்கிறது. ரெண்டும் ஒரே குறியா இருந்தா மிகை. இதுக்கு எதுக்குடா டீ?"

அதன் பிறகுதான் என்னைத் தோற்கடித்த கணக்குக்கு வந்தாள். எங்கள் கிராமத்துக்குப் பின்னால் ரயில் பாதை. காலை ஆறு மணிக்கு ஒரு பாசஞ்சர் வரும். ஊரில் பலர் கடிகாரமே வாங்காமல் அந்த வண்டியை வைத்துக் காலம் தள்ளினார்கள். ஆனால் அதுவும் அடிக்கடி லேட்டாகத்தான் வரும்.

"வண்டி மூணு மணி நேரம் லேட்டுன்னு வெச்சுக்கோ. ஒன்பது மணிக்கு நீ ஸ்டேஷன்லே நிக்கறே. என்ன பார்ப்பே?"

"ஆறு மணிக்குப் பார்க்க வேண்டியதை."

"ஒன்பதிலேர்ந்து மூணைக் கழிச்சா?"

"ஆறு."

"அவ்வளவுதான். எந்த மணியிலே நின்னாலும் அதிலேர்ந்து மூணைக் கழிச்சுப் பழைய அட்டவணையைப் பார்க்கணும். கழிக்கிறது நீ, தள்ளிப் போறது வண்டி. கழிச்சா வலது பக்கம் ஏன் போகுதுன்னு கேட்டியே, லேட்டான வண்டி அட்டவணையிலே வலது பக்கம்தானே போகும்?"

நான் வாயைத் திறந்துகொண்டு நின்றது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"எக்ஸை ரெண்டாலே பெருக்கினா அகலம் பாதியாயிடுது. ஏன்? ரெண்டு மடங்கு வேகத்திலே கதை சொல்ற பாகவதர் ஒரு மணி நேரக் கதையை அரை மணியிலே முடிச்சுடுவார். வெளியிலே செய்யறது மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். ராட்டினத்தை மூணடி மேடை மேலே தூக்கி வெச்சா எல்லா உயரமும் மூணடி கூடும். அதிலே உல்டா ஒண்ணும் இல்லே. உள்ளே இருக்கிறது நேரம். வெளியே இருக்கிறது உயரம். ரெண்டையும் குழப்பிக்காதே. இப்போ உன் கணக்குக்கு வா. ரெண்டு எக்ஸ் கழித்தல் அறுபது. கதை எப்போ ஆரம்பம்? உள்ளே இருக்கிறது பூஜ்யமாகிறபோது. ரெண்டு எக்ஸ் அறுபதா இருக்கணும். எக்ஸ் எவ்வளவு?"

"முப்பது."

"நீ அறுபது தள்ளினே. வண்டி வந்து போனப்புறம் ஸ்டேஷனுக்குப் போயிருக்கே."

நான் நெல் மண்டிக்குப் போகவில்லை. பி.யூ.சி. தேறினேன், கணக்கையே எடுத்துக்கொண்டு 1967-இல் பி.எஸ்ஸி.யும் தேறினேன். 1964-ஆம் வருஷம் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை நல்லவர், நிலம் நீச்சு உள்ளவர். அக்கா புறப்படும்போது பாத்திரம், பாய், ஜமக்காளம் எல்லாம் மாட்டு வண்டியில் ஏறின. லோனி என்னிடமே இருந்துவிட்டான். தவணை முடிந்ததும் அவனை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

பிற்காலத்தில் நான் படித்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். 'சைன்' என்ற சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலில் இந்த அளவை 'ஜ்யா' என்கிறார். ஜ்யா என்றால் வில்லின் நாண். வட்டத்தின் ஒரு துண்டு வில் மாதிரி இருக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கோடு நாண். அதில் பாதிதான் சைன். அந்தச் சொல் அரபு நாட்டுக்குப் போய் 'ஜிபா' ஆயிற்று. அரபு எழுத்தில் உயிர்க்குறில்களை எழுதுவது வழக்கமில்லை. பின்னால் வந்தவர்கள் அர்த்தம் தெரியாமல் அதை 'ஜைப்' என்று படித்தார்கள். ஜைப் என்றால் மடிப்பு, மார்புக்குழி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அதை விசுவாசமாக 'ஸைனஸ்' ஆக்கினார்கள். வில்லின் நாண் மார்புக்குழியாகி, உலகம் முழுவதும் இன்றைக்கு அந்தத் தப்பான சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சொல் கெட்டுப்போயிற்று, ஆனால் கணக்குக் கெடவில்லை. ஆரியபட்டர் 225 கலைக்கு ஒன்றாக 24 நாண்களின் அளவுகளைச் சொல்லியிருக்கிறார். மனப்பாடம் செய்ய வசதியாக, அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசங்களை ஒரே சுலோகத்தில் அடைத்துவிட்டார். அதோடு விடவில்லை. அந்த அளவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற வழியையும் நூலின் இன்னோர் இடத்தில் வைத்தார். சுலோகம் மறந்தவன் வழியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் போய்ச் சேரலாம். ஆகவே மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. மனப்பாடம் செய்தது ஒரு நாள் கை நழுவும்; அப்போது திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். எனக்கு அந்த வழியை வாசல் கோலத்தில் போட்டுக் காட்டியவள் அக்கா.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனையோ வருஷங்களுக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதை இப்போது ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பி.எஸ்ஸி. வகுப்பில் ஒரு நாள் பேராசிரியர் ஒருவர் இந்த நகர்வைப் பற்றிக் கேட்டபோது நான் எழுந்து ரயில் உதாரணம் சொன்னேன். "பேஷ்! நீயே யோசித்ததா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. 1978-இல், நாலைந்து நாவல்கள் வெளிவந்து கொஞ்சம் பெயர் வந்த பிறகு, ஒரு கல்லூரி விழாவில் கணக்கையும் கதையையும் பற்றிப் பேசினேன். ரயில் வந்தது, பாகவதர் வந்தார், ராட்டினம் சுற்றியது. நல்ல கைதட்டல். அக்கா மட்டும் வரவில்லை. அந்தப் பேச்சு ஒரு பத்திரிகையில் கட்டுரையாகவும் வந்தது.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. பயிர், மாடு, குழந்தைகளின் ஜுரம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'உன் கட்டுரை படித்தேன். ரயில் உதாரணம் நன்றாகப் புரிகிறது' என்று முடித்திருந்தாள்.

அந்த வரியில் கிண்டல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன். இல்லை. தம்பி நன்றாக எழுதியிருக்கிறான் என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. பதில் எழுதினேன். பயிரைப் பற்றியும் ஜுரத்தைப் பற்றியும் விசாரித்தேன். ரயிலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இப்போது பேத்தி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு மணி வண்டியையும் ஒன்பது மணி ஸ்டேஷனையும் சொன்னேன். அவள் கையிலிருந்த பேனா நின்றது. அன்றைக்கு வாசலில் நான் நின்ற மாதிரி ஒரு விநாடி வாயைத் திறந்துகொண்டிருந்தாள். பிறகு, "சூப்பர் தாத்தா! நீங்களே யோசிச்சதா?" என்றாள்.

பேராசிரியர் கேட்ட அதே கேள்வி.

"இல்லை அம்மா. உன் பெரிய அத்தைப் பாட்டி சொன்னது" என்றேன்.

"திருச்சி அத்தைப் பாட்டியா? அவங்க மேத்ஸ் படிச்சிருக்காங்களா?"

"படிக்கவில்லை. அதனால்தான் உனக்கு இந்தக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும்."

சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் செய்த காரியம், அறுபது வருஷமாக எனக்குத் தைரியம் வராத காரியம். செல்போனை எடுத்துத் திருச்சிக்குப் பேசி, என் கையில் கொடுத்துவிட்டாள்.

அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். மகன் வீட்டில் இருக்கிறாள். நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது என்று மருமகள் சொல்லியிருந்தாள். நான் உரக்கப் பேசினேன். 1978 கட்டுரையைச் சொல்லி, "உன் பேரைப் போடாமல் விட்டுவிட்டேன் அக்கா. தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"அதை எதுக்குடா இப்போ சொல்றே?"

"லேட்டாகிவிட்டது. அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன்."

அவள் சிரித்தாள். "அறுபது வருஷத்தைக் கழிச்சுக்கச் சொல்றியாக்கும்" என்றாள். பிறகு, "குழந்தை மேலே என்ன படிக்கப் போறாளாம்?" என்று கேட்டாள்.

"கணக்குத்தான் என்கிறாள்."

"படிக்கட்டும். நிறுத்திடாதீங்க." சற்று மௌனம். "அவளுக்கு வெறும் எக்ஸ் கழித்தல் மூணோட விட்டுடாதே. ரெண்டு எக்ஸ் கழித்தல் அறுபது குடுத்துப் பாரு. நீ அதிலேதான் வழுக்கினே."

நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது என்றார்களே, அவள்தான் இப்படிச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அந்தக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தேன். பேத்தி பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அறுபதுக்கு நேரே புள்ளி வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள். "உள்ளே எப்போ பூஜ்யம் ஆகும்..." என்று முணுமுணுத்துவிட்டு, முப்பதில் வைத்தாள்.